முதல் ஜோடி ஸ்கீக்கு எத்தனை சென்டிமீட்டர்?

நம் கடைகளில் விற்கும் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு வாடிக்கையாளரே அளவைச் சொல்லிவிடுகிறார். துவரம்பருப்பு அரைக் கிலோ, நல்லெண்ணெய் ஒரு லிட்டர் என்று கேட்கிறார். நாம் நிறுத்துக் கொடுக்கிறோம். ஆனால் சில தொழில்களில், வாங்க வருகிறவருக்குத் தனக்கு எந்த அளவு பொருந்தும் என்பதே தெரியாது. விற்பவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொன்னது சரியா தவறா என்பது பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியவரும். அப்படிப்பட்ட ஒரு தொழிலை இந்த இதழில் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். அது பனிமலை நாடுகளில் ஸ்கீ எனப்படும் பனிச்சறுக்குப் பலகை விற்கும் தொழில்.

"பனியே பெய்யாத ஊரில் இருந்துகொண்டு இது நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நம் உறுப்பினர்கள் பலரின் பிள்ளைகளும் உறவினரும் சுவிட்சர்லாந்து, நார்வே, கனடா போன்ற நாடுகளில் குடியிருக்கிறார்கள். குல்மார்க், அவுலி என்று சுற்றுலா போய் வருகிறவர்களும் நம்மிடையே உண்டு. அதைவிட முக்கியமாக, அளவு தெரியாத வாடிக்கையாளரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதை இந்தத் தொழில் தெளிவாகக் காட்டுகிறது.

முதலில் சரக்கைப் பற்றி. ஸ்கீ என்பது ஒரு ஜோடி நீண்ட, மெல்லிய பலகை. நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். இரு பக்கமும் எஃகு விளிம்பு உண்டு. கெட்டியான பூட்ஸை அதன் நடுவில் உள்ள பைண்டிங் என்ற பூட்டில் மாட்டிக்கொண்டு பனிச்சரிவில் இறங்குவார்கள். பலகை நீளமாக இருந்தால் வேகத்தில் ஆட்டம் காணாமல் நேராக ஓடும், திருப்புவது கடினம். குட்டையாக இருந்தால் சட்டென்று திரும்பும். அதிக வேகத்தில் நடுங்கும். புதிதாகக் கற்பவருக்கு வேகம் தேவையில்லை. நினைத்த இடத்தில் திரும்பவும் நிற்கவும் வேண்டும். அவருக்கு முதலில் சொல்லித்தருவது, இரண்டு நுனிகளையும் நெருக்கி, பின்பகுதிகளை அகற்றிக் கலப்பை போல வைத்து வேகத்தைக் குறைக்கும் முறை. பலகை தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், ஆள் விழுவார்.

பழைய காலத்தில் நீளம் பார்க்க ஒரு எளிய வழக்கம் இருந்தது. வாடிக்கையாளர் நேராக நின்று கையை மேலே தூக்குவார். பலகையை அருகில் நிறுத்தினால் அதன் நுனி மணிக்கட்டைத் தொட வேண்டும். அந்தக் கணக்கில் 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு 2 மீட்டரை ஒட்டிய பலகை கிடைக்கும். தலைமுறை தலைமுறையாக இதுதான் வேதவாக்காக இருந்தது. நீளமான பலகையை வைத்திருப்பது ஒரு கௌரவமாகவும் ஆகிவிட்டது. குட்டைப் பலகையைக் கேட்க ஆண்கள் வெட்கப்பட்டார்கள்.

இந்த வழக்கத்தை முதலில் அசைத்தவர்களில் ஒருவர், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பனிச்சறுக்கு கற்பித்த கிளிஃப் டெய்லர். கற்பவர் ஏறத்தாழ 1 மீட்டர் நீளமுள்ள சிறு பலகையில் தொடங்கட்டும், கால் பழகப் பழக நீளத்தைக் கூட்டட்டும் என்றார். 1960களில் இந்த முறை அங்குள்ள பயிற்சிப் பள்ளிகளில் பரவியது. நீளப் பலகையில் திணறியவர்கள் இதில் விரைவாகத் திரும்பக் கற்றுக்கொண்டார்கள். ஆனாலும் பழகி முடித்தபின் பலர் நீளமான பலகைக்கே போனார்கள். கடைகளின் சரக்கும் அதற்கேற்பவே இருந்தது.

பெரிய மாற்றம் 1990களில் வந்தது. அதுவரை பலகையின் இரு பக்கமும் ஏறக்குறைய நேராக இருக்கும். ஸ்லோவேனியா நாட்டில் பெகுன்யே என்ற ஊரிலுள்ள ஏலான் தொழிற்சாலையில் யூரி ஃபிராங்கோ, பாவெல் ஷ்கோஃபிச் என்ற பொறியாளர்கள், நுனியும் வாலும் அகலமாகவும் நடு இடுப்பு ஒடுங்கியும் இருக்கும் பலகையை வடிவமைத்தார்கள். நம் உடுக்கையை நீளமாக இழுத்துப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. 1990களின் தொடக்கத்தில் எஸ்.சி.எக்ஸ். என்ற பெயரில் இது சந்தைக்கு வந்தது. பலகையைச் சற்றுச் சாய்த்தாலே வளைந்த விளிம்பு பனியில் பதிந்து தானாகவே வட்டமாகத் திரும்பும். பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. நீளப் பலகை செய்த வேலையை அதைவிட வெகு குட்டையான பலகை செய்யத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில் மணிக்கட்டுக் கணக்கு செல்லாக்காசாகிவிட்டது.

இன்றைய பந்தய விதிகளைப் பார்த்தாலே இது புரியும். கொடிகளுக்கு இடையே நெருக்கி நெருக்கித் திரும்பும் சலாலம் என்ற போட்டியில், உலகக் கோப்பையில் ஓடும் ஆண்களுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச நீளம் 165 செ.மீ. பெண்களுக்கு 155 செ.மீ. மிக அதிக வேகத்தில் இறங்கும் டவுன்ஹில் போட்டியில்தான் ஆண்களுக்கு 218 செ.மீ. என்று இருக்கிறது. அதாவது நீளம் வேலையைப் பொறுத்தது. "நான் நல்ல உயரம், எனக்குப் பெரியதாகக் கொடுங்கள்" என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளருக்கு இந்த 165 என்ற எண் ஒன்றே போதும்.

சரி, இப்போதைய கணக்கு என்ன? முதல் ஜோடி வாங்குபவர் பலகையைத் தரையில் நிறுத்திப் பக்கத்தில் நின்றால், நுனி அவருடைய தாடைக்கும் மூக்குக்கும் இடையில் வர வேண்டும். உயரத்தில் ஏறக்குறைய 12 முதல் 20 செ.மீ. கழித்தால் இந்த அளவு வந்துவிடும். நன்றாகப் பழகியவர் நெற்றி வரையிலோ உச்சந்தலை வரையிலோ போகலாம். ஆனால் உயரம் ஒரு தொடக்கம்தான். உண்மையில் தீர்மானிப்பது எடை. பலகை வில் போல நடுவில் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். மேலே நிற்பவரின் பாரம்தான் அதைப் பனியில் அழுத்தி வளைக்கிறது. பனிக்கு அந்த மனிதர் எத்தனை அடி உயரம் என்பது தெரியாது. எத்தனை கிலோ என்பதுதான் தெரியும். தராசோடு வாழும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடையில் ஒரே மாதிரிப் பலகை 146, 153, 160, 167 செ.மீ. ஆகிய நீளங்களில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 170 செ.மீ. உயரம், 68 கிலோ எடையுள்ள புதியவர் வருகிறார். அவருக்கு 153. அதே உயரத்தில் 90 கிலோ எடையுள்ளவருக்கு 160. ஏனென்றால் 153 அவர் பாரத்தில் அமுங்கிப் பிடிமானத்தை இழக்கும். அதே உயரத்தில் 52 கிலோ எடையுள்ள ஒல்லியான இளைஞருக்கு 146 எடுத்துக் கொடுக்கலாம். 160 பலகையை வளைக்க அவர் பாரம் போதாது. மூன்று பேரும் ஒரே உயரம், வாங்குவது மூன்று அளவு. உயரத்தை மட்டும் பார்த்து எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் மூவரில் இருவருக்குத் தவறான சரக்கை விற்கிறார்.

இன்னும் இரண்டு நுணுக்கங்களும் உண்டு. சில பலகைகளின் நுனி வெகு தூரத்துக்கு முன்பிருந்தே மேல்நோக்கி எழும்பியிருக்கும். சமமான பனியில் அந்தப் பகுதி தரையைத் தொடாது. எனவே அட்டவணையில் எழுதியுள்ள நீளத்தைவிடக் குட்டையாகவே அது நடந்துகொள்ளும். இந்த வகையில் ஓரளவு கூடுதலாக எடுக்கலாம். மற்றொன்று அகலம். பலகையின் மேல் நுனி, இடுப்பு, வால் என மூன்று அகலங்களை மில்லிமீட்டரில் அச்சிட்டிருப்பார்கள். இயந்திரத்தால் அழுத்திச் சமன்செய்த சரிவில் கற்கும் புதியவருக்கு, இடுப்பு 70 முதல் 85 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் அகன்றவை ஆழமான புதுப்பனிக்கு ஏற்றவை. பளபளப்பைப் பார்த்து அவற்றை வாங்குகிறவர் பின்னால் வருந்துவார்.

இப்போது விற்பவரின் வேலைக்கு வருவோம். நல்ல ஸ்கீ கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்புவதற்கு முன் நாலைந்து கேள்விகள் கேட்பார். உயரம் என்ன, எடை என்ன, இதற்கு முன் எத்தனை நாள் பனியில் இறங்கியிருக்கிறீர்கள், எந்த மலைக்குப் போகிறீர்கள், ஆண்டுக்கு எத்தனை முறை போவீர்கள்? கடைசிக் கேள்விக்கு "ஒரு வாரம்தான்" என்று பதில் வந்தால், அனுபவமுள்ள கடைக்காரர் சொல்வது நமக்கு வியப்பாக இருக்கும்: "இப்போது பலகை வாங்காதீர்கள். பூட்ஸ் மட்டும் வாங்குங்கள். பலகையை வாடகைக்கு எடுங்கள்." பூட்ஸ் காலோடு ஒட்டிப் பொருந்த வேண்டியது, கால் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, மெல்லிய ஒரே காலுறையோடு மாட்டிப் பார்த்து விற்பார்கள். பலகை அப்படியல்ல. ஒரு நாள் 146, மறுநாள் 153 என்று மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தால், எந்த நீளம் தனக்குக் கைகொடுக்கிறது என்பதை வாடிக்கையாளரே உணர்ந்துகொள்வார். சில கடைகள் அந்த வாடகையைப் பின்னால் வாங்கும் பலகையின் விலையில் கழித்தும் கொடுக்கின்றன. இன்றைய விற்பனையைத் தள்ளிப்போட்டு நாளைய வாடிக்கையாளரைச் சம்பாதிக்கும் இந்த முறை கெட்டிக்காரத்தனமானது என்பதே நமது கருத்து.

கேள்விக்கு வரும் பதில்களில் ஒரு வேடிக்கை உண்டு. எடையைக் கேட்டால் பலர் குறைத்துச் சொல்வார்கள்; திறமையைக் கேட்டால் கூட்டிச் சொல்வார்கள். இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் பரவாயில்லை. பைண்டிங் என்ற பூட்டில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. ஆள் விழும்போது பூட்ஸை விடுவித்துக் காலைக் காப்பாற்றுவது அதன் வேலை. எத்தனை அழுத்தத்தில் விடுவிக்க வேண்டும் என்பதை, எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் திறமை ஆகியவற்றை வைத்து அட்டவணை பார்த்துத் திருகுகிறார்கள். இதற்கு ஐ.எஸ்.ஓ. 11088 என்ற சர்வதேசத் தரமே இருக்கிறது. அந்த அட்டவணையில் 50 வயதை எட்டியவர்களுக்கு அழுத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டும். திறமையை உயர்த்திச் சொன்னால் பூட்டு இறுகிப்போய், விழும்போது விடாது. எடையைக் குறைத்துச் சொன்னால் வேண்டாத இடத்தில் கழன்றுகொள்ளும். ஆகவே சில கடைகளில் எடை மெஷினையே தரையில் வைத்திருக்கிறார்கள். வாய்வார்த்தையை நம்பி நிறுக்காமல் விட்டால் நஷ்டம் யாருக்கு என்பது இங்கே கண்கூடு.

இங்கேதான் இந்தத் தொழிலின் சோதனையான இடம் வருகிறது. ஸ்கீக் கடைக்காரர் அடுத்த பனிக்காலத்துக்கான சரக்கை, இந்தப் பனிக்காலம் முடிவதற்குள் அல்லது முடிந்த உடனே சொல்லி வைத்தாக வேண்டும். எந்த நீளத்தில் எத்தனை ஜோடி என்று அப்போதே முடிவு செய்கிறார். நடு அளவுகள் முதலில் போய்விடும். சீசன் கடைசியில் இரு முனை அளவுகள் தேங்கி நிற்கும். செருப்புக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இது பழகிய தலைவலிதான். 1990களின் பிற்பாதியில் உடுக்கை வடிவப் பலகை வந்தபோது, 2 மீட்டர் நேர்ப்பலகைகளைக் கையில் வைத்திருந்த கடைகள் அவற்றை அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டிவந்தது.

மார்ச் மாதம் ஒரு புதியவர் கடைக்கு வருகிறார். அவருக்குத் தேவை 153. இருப்பதோ 174. விலையில் 40 சதவீதம் தள்ளுபடி வேறு. "கொஞ்சம் பெரிதுதான், பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சரக்கு கழிந்துவிடும். வாங்குகிறவருக்கும் மலிவாகக் கிடைத்ததில் மகிழ்ச்சி. அதன்பின் நடப்பதை எண்ணிப் பாருங்கள். அவரால் பலகையைத் திருப்ப முடியாது. பயத்தில் உடலைப் பின்னால் சாய்ப்பார். அப்படிச் சாய்ந்து உட்கார்ந்தபடி விழும்போது, பூட்ஸுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பலகை ஒரு நெம்புகோல் போலாகி முழங்காலைத் திருகும். முழங்காலின் நடுவே குறுக்காகச் செல்லும் தசைநார் அறுந்துபோவது ஸ்கீ விளையாட்டில் அடிக்கடி நேரும் பெருங்காயம். அறுவைச் சிகிச்சை, பல மாத ஓய்வு என்று இழுத்துவிடும். சரியான நீளத்திலும் இது நேரலாம் என்பது உண்மை. ஆனால் அடக்க முடியாத பலகையைக் கட்டிக்கொண்டு இறங்கியவருக்கு ஆபத்து கூடுதல். காயம் படாவிட்டாலும், இரண்டு நாள் விழுந்து எழுந்துவிட்டு "இது நமக்கு ஒத்துவராது" என்று பலகையைப் பரணில் போடுகிறார். அந்தக் கடை ஒரு ஜோடியை விற்றது. அடுத்த 20 ஆண்டுகளுக்கு அவரிடம் விற்கக்கூடிய பூட்ஸ், கையுறை, கண்ணாடி, பிள்ளைகளின் பலகை அத்தனையையும் இழந்தது.

தேங்கிய நீளப் பலகைக்கு உரிய வாடிக்கையாளர் வேறு ஒருவர் இருக்கிறார். உயரமான, கனமான, நன்றாகப் பழகியவர். தள்ளுபடியை அவருக்குச் சொல்லி அனுப்பலாம். வாடகைப் பிரிவுக்கு மாற்றலாம். சிறு கடைகள் சேர்ந்து கொள்முதல் செய்வதும் ஒரு வழி. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்டர்ஸ்போர்ட் அப்படித்தான் பிறந்தது. பல ஐரோப்பிய நாடுகளின் விளையாட்டுப் பொருள் கடைக்காரர்களின் கொள்முதல் சங்கங்கள் 1968இல் ஒன்றுகூடி அதை அமைத்தன. தனித்தனிக் கடை, ஒரே பெயர், சேர்ந்த கொள்முதல். பெரிய அங்காடிகள் வந்து நெருக்கும் காலத்தில் நம் சங்கங்களும் எண்ணிப்பார்க்கத்தக்க ஏற்பாடு இது. இதைப் பற்றித் தனியே ஒரு இதழில் எழுதலாம்.

பிள்ளைகளின் பலகைக்கு வேறு கணக்கு. நம் ஊரில் தீபாவளிக்குச் சட்டை தைக்கும்போது "வளர்கிற பிள்ளை, ஒரு சுற்றுப் பெரிதாகவே தையுங்கள்" என்போம். பள்ளிக்கூடச் செருப்பும் அப்படியே. உலகெங்கும் பெற்றோர் ஒரே மாதிரிதான். ஆல்ப்ஸ் மலை ஊர்களிலும் "அடுத்த வருடமும் ஆகட்டும்" என்று பெரிய பலகையைக் கேட்கிறார்கள். சட்டை தொளதொளவென்றிருந்தால் கேலியோடு போய்விடும். பலகை பெரிதானால் பிள்ளை விழுந்து விழுந்து அழும். 120 செ.மீ. உயரமுள்ள, புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு 100 செ.மீ. பலகை போதுமானது, தாடைக்குக் கீழே வந்தாலும் தவறில்லை. அங்குள்ள கடைகள் இதற்குக் கண்ட வழி, சீசன் முழுவதற்கும் வாடகை. பனிக்காலத் தொடக்கத்தில் பலகை, பூட்ஸ் இரண்டையும் எடுத்துப்போய்ச் சீசன் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறு ஆண்டு பிள்ளை 5 செ.மீ. வளர்ந்திருந்தால் அதற்கேற்ற அளவு கிடைக்கும். பெற்றோருக்குச் செலவு மிச்சம். கடைக்கோ ஆண்டுக்கு இரு முறை அதே குடும்பம் படியேறி வருகிறது.

சுவிட்சர்லாந்தில் பல பள்ளிகள் பனிக்காலத்தில் பிள்ளைகளை ஸ்கீ முகாமுக்கு அழைத்துப் போகின்றன. அங்கு குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் பெற்றோர் பனிச்சறுக்கு அறியாதவர்களாக இருப்பது இயல்பு. முகாமுக்கு முன் கடைக்குப் போகும்போது பிள்ளையின் உயரத்தையும் எடையையும் குறித்துக்கொண்டு, பிள்ளையையும் கூடவே அழைத்துப் போங்கள் என்று உறவினர்களுக்குச் சொல்லுங்கள். அண்ணனுக்கு வாங்கியது தம்பிக்கு ஆகும் என்றாலும், பைண்டிங்கைக் கடையில் கொடுத்துத் தம்பியின் எடைக்குத் திருகச் சொல்லாமல் மாட்டிவிடக் கூடாது.

நார்வேயில் பெரும்பாலோர் மலையிலிருந்து இறங்குவதைவிடச் சமவெளியிலும் காட்டுப் பாதையிலும் நெடுந்தூரம் நடந்து சறுக்குவதையே விரும்புகிறார்கள். அதற்கான பலகை ஒல்லியானது. நீளமோ ஆளைவிட 15 முதல் 20 செ.மீ. கூடுதல். ஒரு காலால் பனியை உந்தித் தள்ளி மறு காலால் வழுக்கிப் போக வேண்டும். உந்தும்போது நடுப்பகுதி பனியைத் தொட வேண்டும், வழுக்கும்போது தொடக்கூடாது. இது பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. இரண்டு பலகைகளையும் சமதரையில் வைத்து, வாடிக்கையாளரை அவற்றின் மேல் நிறுத்துவார்கள். அவர் இரு காலிலும் சமமாக நிற்கும்போது, பாதத்துக்குக் கீழே செருகிய ஒரு தாள் முன்னும் பின்னும் தாராளமாக நகர வேண்டும். முழுப் பாரத்தையும் ஒரே காலில் போட்டதும் தாள் சிக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு நிலையிலும் சிக்கினால் பலகை அவருக்கு மென்மை. இரண்டிலும் நகர்ந்தால் விறைப்பு. எந்த விலைச்சீட்டும் எந்த விளம்பரமும் சொல்லாததை ஒரு காகிதத் துண்டு சொல்லிவிடுகிறது. வாடிக்கையாளரின் கண்முன்னே நடப்பதால் அவருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

நம் நாட்டில் குல்மார்க்குக்கோ அவுலிக்கோ போகும் உறுப்பினர்கள் பலகை வாங்க வேண்டிய அவசியமே இல்லை, வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் கூட்ட நேரத்தில் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நிறுத்திப் பாருங்கள், மூக்குக்கு மேலே போனால் மாற்றித் தரச் சொல்லுங்கள். பக்கங்கள் நேராக உள்ள பழைய பலகையாக இருந்தால் வாங்கிக்கொள்ள வேண்டாம். எடையை உள்ளபடி சொல்லுங்கள். பூட்டைத் திருகாமலே பலகையை நீட்டினால், திருகித் தந்த பிறகு பணம் கொடுங்கள்.